மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு இருந்தால் அரசமைப்பில் எதையும் மாற்றிவிடலாமா?

வகுப்பறை:
அனைவருக்கும் வணக்கம். நான் அரசுப் பள்ளி ஒன்றில் சமூக அறிவியல் கற்பிக்கும் ஆசிரியை. அரசமைப்புச் சட்டத் திருத்தம் பற்றிய பாடத்தின்போது மாணவி ஒருவர் கேட்ட கேள்விக்கு நிறைவான விடை தேடி இங்கு எழுதுகிறேன். மக்களவையிலும் மாநிலங்களவையிலும் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரித்தால், இனித் தேர்தலே கிடையாது, இன்ன குடும்பத்தார்தாம் வழிவழியாக ஆள்வார்கள் என்று சட்டத்தைத் திருத்திவிட முடியுமா என்பதே அவர் கேள்வி. முடியாது என்றேன். ஏன் முடியாது என்று உடனே கேட்டார். திருத்தும் முறையை என்னால் விளக்க முடிகிறது. அந்த அதிகாரம் எங்கே முடிகிறது என்பதையும், அந்த எல்லையை யார், எப்போது, எதற்காக வகுத்தார்கள் என்பதையும் அந்தப் பிள்ளைக்குப் புரியும்படி சொல்ல விரும்புகிறேன். அறிந்தவர்கள் உதவ வேண்டும்.

வழக்காடி:
அம்மா, ஏறத்தாழ இதே கேள்விக்கு விடை காண உச்ச நீதிமன்றத்தின் 13 நீதிபதிகள் ஒன்றாக அமர்ந்து 68 நாள்கள் வாதம் கேட்டிருக்கிறார்கள். அவ்வளவு பெரிய அமர்வு அதற்கு முன்பும் அமைந்ததில்லை. அதற்குப் பின் இன்றுவரை ஒரு வழக்கைக் கேட்டுத் தீர்ப்பளித்ததும் இல்லை. ஆகவே உங்கள் மாணவி கேட்டது சிறுபிள்ளைக் கேள்வி அன்று என்பதை முதலில் அவரிடம் சொல்லுங்கள்.

முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சில மாற்றங்களுக்குச் சாதாரணப் பெரும்பான்மையே போதும். புதிய மாநிலத்தை உருவாக்குவதும், மாநிலத்தின் பெயரை மாற்றுவதும் அவ்வகை. சென்னை மாநிலம் 1969 ஜனவரி 14 அன்று தமிழ்நாடு ஆனது இப்படித்தான். மற்றவற்றுக்கு 368ஆவது பிரிவின்படி, ஒவ்வோர் அவையிலும் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோரும், அவைக்கு வந்து வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதோரும் ஆதரிக்க வேண்டும். மத்திய, மாநில அதிகாரப் பட்டியல்கள், உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றங்கள், குடியரசுத் தலைவர் தேர்தல், 368ஆவது பிரிவு ஆகியவற்றைத் தொடுவதானால், இவற்றோடு மாநிலச் சட்டமன்றங்களில் பாதிக்குக் குறையாதவை ஒப்புதல் அளிக்க வேண்டும்.

இத்தனையும் நிறைவேறினால் எதையும் மாற்றலாமா என்பதற்கான விடைதான் 1973 ஏப்ரல் 24 அன்று வந்த கேசவானந்த பாரதி வழக்கின் தீர்ப்பு. கேரளத்தின் காசர்கோடு பகுதியிலுள்ள எடநீர் மடத்தின் தலைவர், நிலச் சீர்திருத்தச் சட்டத்தால் மடத்தின் நிலங்கள் பறிபோவதை எதிர்த்துத் தொடுத்த வழக்கு அது. அவருக்காக நானி பால்கிவாலாவும், கேரள அரசுக்காக எச்.எம். சீர்வையும் வாதாடினார்கள். ஏழு நீதிபதிகள் ஒரு பக்கமும் ஆறு பேர் மறுபக்கமுமாகப் பிரிந்து, நாடாளுமன்றம் அரசமைப்பின் எந்தப் பிரிவையும் திருத்தலாம், ஆனால் அதன் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்க முடியாது என்று பெரும்பான்மையினர் முடிவுசெய்தார்கள். அடிப்படை என்பதற்குத் தலைமை நீதிபதி எஸ்.எம். சிக்ரி தந்த எடுத்துக்காட்டுகளில் அரசமைப்பின் மேலாண்மை, குடியரசு மற்றும் மக்களாட்சி முறை, மதச்சார்பின்மை, அதிகாரப் பிரிவினை, கூட்டாட்சி ஆகியவை இருந்தன. மன்னராட்சி வராது என்பதற்கு உங்கள் மாணவிக்குச் சொல்ல வேண்டிய நேரடி விடை அந்த இரண்டாவது எடுத்துக்காட்டில் இருக்கிறது.

காரணத்தை நான் என் இளைய வழக்குரைஞர்களுக்கு இப்படிச் சொல்வதுண்டு. வெளியூருக்குப் போகிற ஒருவர் தம் வீட்டைப் பராமரிக்கவும், தேவைப்பட்டால் ஓர் அறையை இடித்துக் கட்டவும் நம்பிக்கைக்குரியவருக்குப் பவர் பத்திரம் எழுதிக் கொடுக்கிறார். அந்தப் பத்திரத்தை வைத்துக்கொண்டு வீட்டைத் தம் பேருக்கே எழுதிக்கொள்ள அவருக்கு உரிமை கிடையாது. நாடாளுமன்றத்தின் திருத்தும் அதிகாரம் அரசமைப்பு கொடுத்த அதிகாரம். கொடுத்ததையே அழிக்க அதைப் பயன்படுத்த இயலாது.

அவைக்குரல்:
வழக்காடி அவர்கள் சொன்ன செய்திகள் சரியானவை. ஆனால் இதை நீதிமன்றம் மக்களாட்சியைக் காப்பாற்றிய கதையாக மட்டும் மாணவர்களுக்குச் சொல்வது நியாயமாகாது என்பது என் உறுதியான கருத்து. அரசமைப்பின் முதல் திருத்தம் ஏன் வந்தது என்பதிலிருந்து அந்தக் கதையைத் தொடங்க வேண்டும். அது நம் ஊரில் தொடங்கிய கதை.

சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி அரசாணை நடப்பில் இருந்தது. மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் ஒவ்வொரு 14 இடங்களில் 6 பிராமணரல்லாத இந்துக்களுக்கும், 2 பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கும், 2 பிராமணர்களுக்கும், 2 தாழ்த்தப்பட்டோருக்கும், 1 ஆங்கிலோ இந்தியர் மற்றும் கிறித்தவர்களுக்கும், 1 முஸ்லிம்களுக்கும் என்று பிரித்து வழங்கினார்கள். அரசமைப்பு நடைமுறைக்கு வந்த சில மாதங்களிலேயே சென்னை உயர் நீதிமன்றம் இதைச் செல்லாது என்றது. 1951 ஏப்ரலில் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. தந்தை பெரியார் தலைமையில் கிளர்ச்சி மூண்டது. அதே ஆண்டு ஜூன் மாதம் நாடாளுமன்றம் முதல் திருத்தத்தின் வழியாக, பிற்படுத்தப்பட்டோருக்குத் தனிச் சலுகை தர அரசுக்கு இடமளிக்கும் நான்காம் உட்பிரிவை 15ஆவது பிரிவில் சேர்த்தது. தமிழ்நாட்டில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குள் நுழைந்த எத்தனையோ குடும்பங்கள், நீதிபதிகளின் தீர்ப்பை மக்கள் பிரதிநிதிகள் திருத்தியதால் நுழைந்தவை.

நிலச் சீர்திருத்தத்திலும் இதுவே நடந்தது. ஜமீன்களை ஒழித்த சட்டங்கள் நீதிமன்றங்களில் சிக்கிக்கொண்டதால்தான், தன்னுள் வைத்த சட்டங்களை நீதிமன்ற ஆய்விலிருந்து காக்கும் ஒன்பதாவது அட்டவணை உருவாயிற்று. 1967இல் கோலக்நாத் வழக்கில், பதினொருவரில் ஆறு நீதிபதிகள் அடிப்படை உரிமைகளை நாடாளுமன்றம் தொடவே முடியாது என்றார்கள். அப்போது அந்த உரிமைகளில் சொத்துரிமையும் ஒன்று என்பதை நினைவில் கொள்ளுங்கள். 1970இல் வங்கிகள் நாட்டுடைமைச் சட்டமும், பழைய மன்னர்களுக்குத் தந்துவந்த மானியத்தை நிறுத்திய ஆணையும் அடுத்தடுத்து வீழ்ந்தன. மன்னர் மானியத்தை ஒழிக்க 26ஆவது திருத்தம் தேவைப்பட்டது. மன்னராட்சி பற்றிக் கேட்ட மாணவிக்கு இதையும் சொல்ல வேண்டும் அல்லவா? மன்னர்களின் கடைசிச் சலுகையை ஒழித்தது திருத்தும் அதிகாரந்தான்.

இன்னொன்று. அரசமைப்பை எழுதிய நிர்ணய சபை, சொத்தும் கல்வியும் உடைய சிலருக்கு மட்டுமே வாக்குரிமை இருந்த 1946ஆம் ஆண்டின் மாகாணச் சட்டமன்றங்களால் மறைமுகமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. இன்றைய நாடாளுமன்றத்தையோ வயதுவந்த அனைவரும் தேர்ந்தெடுக்கிறார்கள். பின்னதன் கையை முன்னதன் பெயரால் கட்டுவதற்கு, தேர்ந்தெடுக்கப்படாத நீதிபதிகளுக்கு எங்கிருந்து உரிமை வந்தது?

வழக்காடி:
அவைக்குரலின் வரலாற்றுச் செய்திகளில் ஒன்றையும் நான் மறுக்கவில்லை. 1950களிலும் 60களிலும் நீதிமன்றம் சொத்துரிமையின் பக்கம் அளவுக்கு மீறிச் சாய்ந்தது என்பதே என் எண்ணமும். ஆனால் கேசவானந்த பாரதி தீர்ப்பு அந்தச் சாய்வைத் தொடரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அத்தீர்ப்பு கோலக்நாத்தை ஒதுக்கியது. அடிப்படை உரிமைகளையும் திருத்தலாம் என்ற 24ஆவது திருத்தத்தையும், கேரளத்தின் நிலச் சட்டங்களுக்குக் காப்பளித்த 29ஆவது திருத்தத்தையும் ஏற்றுக்கொண்டது. வழக்குத் தொடுத்த மடத்தலைவருக்கு நிலம் திரும்பவில்லை. ஏழுக்கு ஆறு என்ற பெரும்பான்மையைத் தீர்மானித்தவரான நீதிபதி எச்.ஆர். கன்னா, சொத்துரிமை அடிப்படைக் கட்டமைப்பில் சேராது என்று வெளிப்படையாக எழுதினார். முதல் திருத்தம் போன்ற சமூக நீதித் திருத்தங்களுக்கு இக்கோட்பாட்டால் எந்த ஊறும் நேரவில்லை.

இனி, இந்த எல்லை எதற்காகத் தேவைப்பட்டது என்பதற்கு வருகிறேன். தீர்ப்பு வந்த மறுநாளே, மூத்த நீதிபதிகளான ஷெலத், ஹெக்டே, குரோவர் ஆகிய மூவரையும் தாண்டி, அரசின் பக்கம் தீர்ப்பெழுதிய ஏ.என். ரே தலைமை நீதிபதியாக அறிவிக்கப்பட்டார். அந்த மூவரும் பெரும்பான்மைத் தீர்ப்பில் இருந்தவர்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1975 ஜூன் 12 அன்று, தேர்தல் முறைகேட்டின் காரணமாகப் பிரதமர் இந்திரா காந்தியின் வெற்றி செல்லாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜூன் 25 இரவு நெருக்கடிநிலை வந்தது. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில் இருந்தார்கள். மேல்முறையீடு ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றத்துக்கு வரவிருந்தது. ஆகஸ்ட் 7 அன்று மக்களவையிலும் 8 அன்று மாநிலங்களவையிலும் 39ஆவது திருத்தம் நிறைவேறியது; 9 அன்று மாநிலச் சட்டமன்றங்கள் ஒப்புதல் அளித்தன; 10 அன்று குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டார். பிரதமரின் தேர்தலை எந்த நீதிமன்றமும் ஆராயக்கூடாது, ஏற்கெனவே வந்த தீர்ப்பும் செல்லாது என்பது அதன் உள்ளடக்கம்.

368ஆவது பிரிவு கேட்கும் ஒவ்வொரு படியும் அங்கே ஒழுங்காக நிறைவேறியிருந்தது என்பதை மாணவிக்கு அழுத்திச் சொல்லுங்கள். மூன்றில் இரண்டு பங்கும் இருந்தது, பாதி மாநிலங்களும் இருந்தன. ஒரு தனி மனிதரின் வழக்குக்குத் தீர்ப்பு எழுதும் வேலையை அரசமைப்பின் பெயராலேயே நாடாளுமன்றம் செய்துகொண்டது. 1975 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பகுதியை நீக்கியபோது கையிலெடுத்த அளவுகோல், கேசவானந்த பாரதி தீர்ப்பு தந்த அடிப்படைக் கட்டமைப்புதான். பின்தேதியிட்டுத் தேர்தல் சட்டத்தை மாற்றியிருந்ததால் அவருடைய வெற்றி நிலைத்தது என்பது வேறு செய்தி. அதே நவம்பரில் கேசவானந்த பாரதி தீர்ப்பையே மறு ஆய்வு செய்யத் தலைமை நீதிபதி ரே 13 பேர் அமர்வை மீண்டும் கூட்டினார். பால்கிவாலாவின் வாதத்துக்குப் பிறகு, அமர்வைத் தாமே கலைத்துவிட்டார்.

1976இல் 42ஆவது திருத்தம் வந்தது. மக்களவையின் ஆயுளை ஐந்து ஆண்டுகளிலிருந்து ஆறாக நீட்டியது. திருத்தங்களை எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது, திருத்தும் அதிகாரத்துக்கு எல்லையே கிடையாது என்று 368ஆவது பிரிவிலேயே எழுதிச் சேர்த்தது. 1980இல் மினர்வா மில்ஸ் வழக்கில் அந்த இரண்டு உட்பிரிவுகளும் நீக்கப்பட்டன. எல்லைக்குட்பட்ட அதிகாரத்தைப் பெற்றவர், அதைக் கொண்டே தம் அதிகாரத்தை எல்லையற்றதாக ஆக்கிக்கொள்ள முடியாது என்பது அத்தீர்ப்பின் சாரம். ஆறாண்டு ஆயுளை 1978இல் 44ஆவது திருத்தம் மீண்டும் ஐந்தாக்கியது; அது நாடாளுமன்றம் தானே செய்த திருத்தம் என்பதை அவைக்குரலுக்காகச் சேர்த்துச் சொல்கிறேன்.

நிர்ணய சபை பற்றி ஒரு வார்த்தை. அது குறுகிய வாக்குரிமையில் பிறந்தது உண்மை. ஆனால் வயதுவந்த அனைவருக்கும் வாக்கு என்பதை 326ஆவது பிரிவாக எழுதிவைத்ததும் அதே சபைதான். இன்றைய நாடாளுமன்றத்தின் தகுதி அந்தப் பிரிவிலிருந்தே பிறக்கிறது.

வகுப்பறை:
இருவருக்கும் நன்றி. 39ஆவது திருத்தத்தின் நான்கு நாள் கதையை வகுப்பில் கட்டாயம் சொல்வேன். மாணவியின் கேள்விக்கு மிக அருகில் நிற்கும் உண்மை நிகழ்ச்சி அது. அவைக்குரல் ஐயா குறிப்பிட்ட ஒன்பதாவது அட்டவணையில் உள்ள சட்டங்களை நீதிமன்றம் தொடவே முடியாது என்று படித்திருக்கிறேன். அது இன்னும் அப்படியே இருக்கிறதா?

குறிஞ்சிவாசி:
அம்மா, இதற்கு விடை சொல்ல எனக்கு ஓர் உரிமை உண்டு. அந்த நிலையை மாற்றிய வழக்கு எங்கள் கூடலூர் மண்ணிலிருந்து போனது.

நீலகிரியின் கூடலூர் வட்டத்தில் பரந்த காடுகளும் தேயிலைத் தோட்டங்களும் ஜன்ம நிலமாக, அதாவது பழைய ஜன்மிகளின் பரம்பரை உடைமையாக இருந்தன. தோட்ட நிறுவனங்கள் அவர்களிடம் குத்தகை பெற்றிருந்தன. இதை ஒழித்து, இடையில் ஜன்மி இல்லாமல் நிலம் வைத்திருப்பவர் அரசுக்கே நேரடியாக வரி செலுத்தும் ரயத்துவாரி முறைக்கு மாற்றத் தமிழ்நாடு அரசு 1969இல் கூடலூர் ஜன்ம எஸ்டேட்டுகள் ஒழிப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. காட்டு நிலங்களை அரசு எடுத்துக்கொள்வது வேளாண் சீர்திருத்தம் ஆகாது என்று கூறி, 1972இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பகுதியைச் செல்லாததாக்கியது. 1974இல் 34ஆவது திருத்தத்தின் மூலம் முழுச் சட்டத்தையும் நாடாளுமன்றம் ஒன்பதாவது அட்டவணையில் வைத்துவிட்டது. நீதிமன்றம் செல்லாது என்ற ஒன்றை, அட்டவணையில் வைத்தாலே செல்லும் என்று ஆக்கிவிட முடியுமா என்ற கேள்விதான் ஐ.ஆர். கொயல்ஹோ எதிர் தமிழ்நாடு அரசு என்னும் வழக்காக ஒன்பது நீதிபதிகள் முன் வந்தது.

2007 ஜனவரி 11 அன்று ஒன்பது பேரும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 1973 ஏப்ரல் 24க்குப் பிறகு ஒன்பதாவது அட்டவணையில் சேர்ந்த எந்தச் சட்டத்தையும், அது அடிப்படைக் கட்டமைப்பைக் குலைக்கிறதா என்று நீதிமன்றம் ஆராயலாம் என்பதே தீர்ப்பு. அந்தத் தேதி எது என்று மேலே பார்த்தால் தெரியும். 1951இல் 13 சட்டங்களோடு தொடங்கிய அட்டவணையில் இன்று 284 சட்டங்கள் உள்ளன. நிலச் சீர்திருத்தத்துக்காக உருவான இடத்தில் அதற்குத் தொடர்பே இல்லாத சட்டங்களும் காலப்போக்கில் நுழைந்துவிட்டன, அதனால்தான் இப்படியொரு தீர்ப்பு வேண்டியதாயிற்று.

ஆனால் வாசகர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. பெரிய கோட்பாடுகள் தில்லியில் முடிவாகிக்கொண்டிருந்த ஆண்டுகளில், கூடலூரில் சிறு விவசாயிகளும், தோட்டங்களில் வேலைக்கு வந்து குடியேறியவர்களும், அவர்களுக்கெல்லாம் முன்பே அங்கு வாழ்ந்த பழங்குடி மக்களும் தாங்கள் குடியிருக்கும் நிலம் யாருடையது என்று தெரியாமல் காத்திருந்தார்கள். பட்டா இல்லை என்பதால் மறுக்கப்பட்டவை பல. அரசமைப்புப் பாடத்தை நடத்தும்போது இந்த மக்களையும் பிள்ளைகளுக்கு நினைவூட்டுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அவைக்குரல்:
குறிஞ்சிவாசியின் கடைசிப் பத்தி என் நெஞ்சைத் தொட்டது. என் கவலையும் அங்கேதான் இருக்கிறது. தமிழ்நாட்டின் 69 விழுக்காடு இட ஒதுக்கீட்டுச் சட்டம், 1992இல் மண்டல் வழக்கின் தீர்ப்பு 50 விழுக்காடு என்ற வரம்பைச் சொன்ன பிறகு, 1994இல் 76ஆவது திருத்தத்தின் வழியாக ஒன்பதாவது அட்டவணையில் சேர்க்கப்பட்டது. கொயல்ஹோ தீர்ப்பின்படி, அந்தக் கதவு இப்போது திறந்துதான் கிடக்கிறது. எந்தச் சட்டம் அடிப்படையைக் குலைக்கிறது, எது குலைக்கவில்லை என்று முடிவுசெய்பவர்கள் நீதிபதிகளே என்றால், ஒரு மாநில மக்கள் தலைமுறை தலைமுறையாகப் போராடிப் பெற்றதும் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

2015ஆம் ஆண்டையும் பாருங்கள். நீதிபதிகளை நியமிக்க ஓர் ஆணையம் அமைக்கும் 99ஆவது திருத்தத்தை இரு அவைகளும் ஏறத்தாழ ஒருமனதாக நிறைவேற்றின. தேவையான மாநிலங்களும் ஒப்புக்கொண்டன. உச்ச நீதிமன்றத்தின் ஐவரில் நால்வர், நீதித்துறையின் சுதந்திரம் அடிப்படைக் கட்டமைப்பு என்று சொல்லி அதை நீக்கினார்கள். நீதிபதி செலமேஸ்வர் மட்டும் மாறுபட்டார். நீதிபதிகளை நீதிபதிகளே தேர்ந்தெடுக்கும் முறை மீண்டும் நிலைபெற்றது. தம்மைப் பற்றிய வழக்கில் தாமே தீர்ப்பளித்தார்கள் என்ற குறை இதில் எழாதா?

பனங்கூடல்:
வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து இவ்விழையை வாசித்து வருகிறேன். எல்லையற்ற பாராளுமன்றம் எப்படி நடந்துகொள்ளும் என்பதை நாங்கள் வாழ்ந்து பார்த்தவர்கள் என்பதால் எழுதத் துணிந்தேன்.

சுதந்திரத்தின்போது இலங்கைக்குக் கிடைத்த சோல்பரி அரசியலமைப்பில் 29ஆம் பிரிவு இருந்தது. ஓர் இனத்துக்கோ மதத்துக்கோ மட்டும் பாதகமான சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றக் கூடாது என்பது அதன் இரண்டாம் உட்பிரிவு. அது எழுத்தில் இருந்தபோதே 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் மலையகத் தமிழர் இலட்சக்கணக்கில் குடியுரிமை இழந்தனர். அன்று எங்கள் இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இலண்டனிலிருந்த பிரிவி கவுன்சில் 1953இல் அதைச் செல்லும் என்றது. 1956இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழியாயிற்று. தமிழ் அரச ஊழியரான கோடீஸ்வரன் தொடுத்த வழக்கில், அந்த மொழிச் சட்டம் 29ஆம் பிரிவுக்கு முரணானது என்று 1964இல் மாவட்ட நீதிபதி ஒருவர் தீர்ப்பளித்தார். மேன்முறையீடுகளில் வழக்கு வேறு வினாக்களின் பக்கம் திரும்பியது. மொழிச் சட்டம் செல்லுமா என்ற மூல வினாவுக்கு இறுதி விடை கிடைக்கவேயில்லை. அதற்குள் பிரிவி கவுன்சிலுக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972 மே 22 அன்று பிறப்பிக்கப்பட்ட குடியரசு அரசியலமைப்பில் 29ஆம் பிரிவின் பாதுகாப்பு இடம்பெறவில்லை.

1978 அரசியலமைப்பின் கீழும், சபாநாயகர் சான்றுரைத்த பிறகு ஒரு சட்டத்தை எந்த நீதிமன்றமும் கேள்விக்குட்படுத்த முடியாது. மசோதாவாக இருக்கும்போது மட்டுமே வழக்காடலாம். ஆசிரியையின் மாணவி கேட்டது போலவே, இங்கே பொதுத்தேர்தல் உண்மையில் தவிர்க்கப்பட்டது. 1982 டிசம்பர் 22 அன்று நடந்த சர்வஜன வாக்கெடுப்பின் வழியாக, 1977இல் தெரிவான பாராளுமன்றத்தின் ஆயுள் இன்னுமோர் ஆறு ஆண்டுகள் நீட்டிக்கப்பட்டது. யாழ்ப்பாண மாவட்டம் மிகப் பெரும்பான்மையாக எதிர்த்து வாக்களித்தும் பயன் இல்லை. மறு வருடமே ஆறாம் திருத்தம் வந்தது. தனிநாட்டை ஆதரிக்க மாட்டோம் என்று அதன்படி சத்தியம் செய்ய மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்தனர். 1987இல் மாகாண சபைகளை அமைக்கும் பதின்மூன்றாம் திருத்த மசோதா உயர் நீதிமன்றத்தின் (இலங்கையில் இதுவே உச்ச நீதிமன்றம்) முன் வந்தபோது, இந்தியாவின் அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாட்டை இங்கு பின்பற்றப் பெரும்பான்மை நீதிபதிகள் உடன்படவில்லை.

அவைக்குரல் ஐயாவின் ஆதங்கம் எனக்கு விளங்குகிறது. நீதிபதிகளும் தவறுவார்கள். எங்கள் அனுபவத்தில், சிறுபான்மையாக உள்ள மக்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு என்பது பாதுகாப்பு அல்ல. அந்த மூன்றில் இரண்டு பங்கை மற்றவர்களே எப்போதும் திரட்டிவிட முடியும். 2018 நவம்பரில் ஜனாதிபதி பாராளுமன்றத்தைக் கலைத்தபோது, எழுவர் கொண்ட உயர் நீதிமன்ற அமர்வு அது அரசியலமைப்புக்கு முரணானது என்று ஒருமனதாகச் சொன்னது. வழக்காளிகளில் ஒருவர், அப்போதைய தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் தலைவர் இரா. சம்பந்தன். எழுத்தில் எல்லை இருந்ததால் அத்தீர்ப்புச் சாத்தியமாயிற்று.

வழக்காடி:
பனங்கூடல் அவர்களுக்கு மிக்க நன்றி. இந்த இழையில் எழுதப்பட்டவற்றுள் மாணவிக்கு முதலில் காட்ட வேண்டியது உங்கள் பதிவு என்று எண்ணுகிறேன்.

இதற்கு முன்னோடியான நிகழ்ச்சி ஜெர்மனியில் நடந்தது. 1933 மார்ச் 23 அன்று, கம்யூனிஸ்டு உறுப்பினர்கள் கைதாகியும் தலைமறைவாகியும் இருக்க, சீருடையணிந்த நாஜிப் படையினர் அவைக்குள்ளேயே நிற்க, சட்டமியற்றும் அதிகாரம் முழுவதையும் ஹிட்லரின் அமைச்சரவைக்கு வழங்கும் சட்டத்தை 444 பேர் ஆதரித்தும் 94 பேர் எதிர்த்தும் வாக்களித்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தது. வைமர் அரசமைப்பின் முறைப்படி அது செல்லும் என்றே கருதப்பட்டது. அதனால் 1949இல் எழுதிய புதிய அரசமைப்பின் 79ஆவது பிரிவில், மனித மாண்பையும் மக்களாட்சி, கூட்டாட்சி அடிப்படைகளையும் எந்தத் திருத்தமும் தொடக் கூடாது என்று ஜெர்மானியர்கள் எழுதிவைத்தார்கள். டீட்டர் கான்ராட் என்னும் ஜெர்மன் அறிஞர் 1965இல் பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தில் இது குறித்து ஆற்றிய உரை, கோலக்நாத் வழக்கிலேயே நம் நீதிமன்றத்தை எட்டியது. ஜெர்மனி எழுத்தில் வைத்ததை, நம் நாட்டில் நீதிபதிகள் அரசமைப்பின் ஒட்டுமொத்த அமைப்பிலிருந்து வருவித்தார்கள். அவைக்குரல் சொல்லும் குறை அந்த வேறுபாட்டில்தான் வேர்கொண்டிருக்கிறது. அதை நான் மறைக்க விரும்பவில்லை.

99ஆவது திருத்த வழக்கில் நீதிமன்றம் ஆணையத்தை முழுமையாக நீக்காமல், அதன் உறுப்பினர் தேர்வில் குறை இருந்தால் அதை மட்டும் சரிசெய்யச் சொல்லியிருக்கலாம் என்பதே என் சொந்தக் கருத்து. ஆனால் ஒரு தீர்ப்பு தவறு என்பதற்கும், எல்லையே கூடாது என்பதற்கும் நடுவே நெடுந்தூரம் இருக்கிறது.

வகுப்பறை:
இன்னும் ஒன்றே ஒன்று. அரசமைப்பைத் திருத்தப் பாதி மாநிலங்களின் ஒப்புதலும் வேண்டும் என்றீர்கள். அப்படியானால் மாநிலங்கள் நினைத்தால் தவறான திருத்தத்தைத் தடுத்துவிட முடியாதா? நீதிமன்றம்வரை போக வேண்டிய தேவை ஏன் வருகிறது? நாளை வகுப்பில் இந்தக் கேள்வியும் எழும் என்று தோன்றுகிறது.

அவைக்குரல்:
இதில் வழக்காடியும் நானும் ஒரே பக்கம் நிற்போம் என்று நம்புகிறேன். மாநிலங்களின் ஒப்புதல் எல்லாத் திருத்தங்களுக்கும் வேண்டியதில்லை. அடிப்படை உரிமைகளை மட்டும் திருத்துவதற்கு அது தேவையே இல்லை. தேவைப்படும் இடத்திலும் பாதி போதும். மறுபாதியின் எதிர்ப்புக்குப் பயன் இல்லை. 42ஆவது திருத்தம் கல்வியையும் காடுகளையும் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றியது நமக்கெல்லாம் தெரியும். அந்த 1976ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் கருத்தைக் கேட்க இங்கே சட்டமன்றமே கிடையாது. ஜனவரி 31 அன்று 356ஆவது பிரிவின் கீழ் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டு, 1977 ஜூன் மாதத் தேர்தல்வரை குடியரசுத் தலைவர் ஆட்சி நடந்தது. கல்வி இன்றும் பொதுப் பட்டியலில்தான் இருக்கிறது. 44ஆவது திருத்தம் பலவற்றைத் திரும்பக் கொடுத்தது; இதைக் கொடுக்கவில்லை.

வழக்காடி:
ஆம், இதில் உங்களோடு முழுவதும் உடன்படுகிறேன். ஆசிரியைக்கு ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். 1994 மார்ச் 11 அன்று எஸ்.ஆர். பொம்மை வழக்கில் ஒன்பது நீதிபதிகள், கூட்டாட்சி அடிப்படைக் கட்டமைப்பு என்பதைத் தொடக்கமாகக் கொண்டு, 356ஆவது பிரிவுக்கு வரம்பு வகுத்தார்கள். ஓர் அமைச்சரவைக்குப் பெரும்பான்மை உண்டா என்பதை ஆளுநர் மாளிகையில் எண்ணிப் பார்க்கக் கூடாது, சட்டமன்றத்தில் வாக்கெடுப்பு நடத்தித்தான் முடிவுசெய்ய வேண்டும். குடியரசுத் தலைவரின் அறிவிப்பை நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஏற்கும்வரை சட்டமன்றத்தை முடக்கிவைக்கலாமே தவிர, கலைத்துவிட முடியாது. அறிவிப்புக்கான காரணங்களை நீதிமன்றம் ஆராயலாம். தவறு என்று கண்டால் பழைய அமைச்சரவையையும் சட்டமன்றத்தையும் மீட்டுத் தரலாம். 1976இலும், பிறகு 1991 ஜனவரி 30 அன்றும் தமிழ்நாட்டில் நடந்த கலைப்புகள் இத்தீர்ப்புக்கு முந்தியவை. அறிவிப்பு வந்த உடனேயே ஒரு சட்டமன்றத்தை இல்லாமல் ஆக்குவது இன்று அவ்வளவு எளிதன்று.